மரியம் வாசலில் மூடிய பள்ளம்

ராஜாத்திக்கு ஒரு தெருவிலும் ஒழுங்காக நடக்கத் தெரியாது. நாலு எட்டு வைத்தால் ஓரிடத்தில் நின்று, குதிகாலால் தரையை ஓங்கி ஓர் இடி இடித்து, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த எட்டு வைப்பாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனாலும் இதே கதைதான். கூட வருகிறவர்களுக்கு மானம் போகும்.

"இன்னாமே, பூமாதேவி கிட்ட பேசிகினு வர்றியா?" என்று கேட்பான் வேலப்பன். அவன் அவளுடைய புருஷன். துறைமுகத்துக் கிடங்குகளில் மூட்டை தூக்கித் தூக்கி முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், இப்போது வியாசர்பாடிக் குடியிருப்பில் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் நியாயம் சொல்லிக்கொண்டிருக்கிறான். பெண்டாட்டி ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் என்பான்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இருபத்தாறு வருஷமாகப் பள்ளம் மூடுகிறவள் வேறு எப்படி நடப்பாள்? முதலில் டெலிபோன் கேபிள் பள்ளம், அப்புறம் கரண்ட் கேபிள், அப்புறம் இன்டர்நெட் வயர், மழைநீர்க் கால்வாய், இப்போது பாதாளச் சாக்கடைக் குழாய். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்தத் தெருவை எதற்காக வெட்டினார்கள், எங்கே ஒழுங்காக மூடினார்கள், எங்கே ஒப்புக்கு மூடினார்கள் என்று அவள் குதிகாலுக்குத் தெரியும். வருஷத்தைக்கூட அவள் பள்ளத்தை வைத்துத்தான் சொல்வாள். பெரிய பெண் பிறந்தது புளியந்தோப்பில் டெலிபோன் பள்ளம் மூடியபோது. மாமியார் செத்தது திருவொற்றியூரில் கால்வாய்ப் பள்ளம் மூடியபோது.

தோண்டுகிறவன் வேலையைப் பார்க்க ஊரே கூடி நிற்கும். மூடுகிறவளை ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் வேலையைச் சரியாகச் செய்தால், அங்கே ஒரு வேலை நடந்த அடையாளமே இருக்காது. பேர் வாங்க நினைக்கிறவர்களுக்கு ஏற்ற தொழில் இல்லை இது.

பள்ளம் மூடுகிற ஆட்கள் கூட்டத்தில் ராஜாத்தியின் வேலை தண்ணீர் விடுவது. கேட்கிறவர்கள் இதென்ன பெரிய வேலை என்று நினைப்பார்கள். வெட்டியெடுத்த மண்ணை அப்படியே திரும்பத் தள்ளிப் பள்ளத்தை மூடிவிட முடியாது. ஒரு சாண் உயரத்துக்கு மண் போட வேண்டும், தண்ணீர் விட வேண்டும், மண் அதைக் குடித்து அடங்கியதும் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். அப்புறம்தான் அடுத்த சாண். தண்ணீர் கூடினால் சேறு, குறைந்தால் மண் கட்டிகட்டியாக நின்று நடுவில் பொந்து விழும். ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அந்தக் கணக்கு ராஜாத்திக்குக் கைப்பழக்கம். "ராஜாத்தி தண்ணி வுட்ட பள்ளம் நூறு வருசத்துக்கு எறங்காது" என்று மேஸ்திரி தாமோதரன் பத்துப் பேர் எதிரில் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டு அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

அந்தக் கர்வத்துக்கு வந்தது வினை.

ராயபுரத்தில் உப்புக்கிடங்குத் தெரு என்று ஒரு குறுகல் தெரு. சாக்கடைக் குழாய் மாற்றுவதற்காக வீட்டு வாசல்களை ஒட்டி ஆளுயரப் பள்ளம் வெட்டி இரண்டு மாதமாகப் போட்டு வைத்திருந்தார்கள். ஜனங்கள் பலகை போட்டு அதன்மேல் நடந்து வீட்டுக்குள் போனார்கள். குழாயில் கலங்கல் தண்ணீர் வந்தது. பள்ளம் மூடுகிற ஆட்கள் வந்தபோது, தோண்டினவர்களுக்குச் சேர வேண்டிய திட்டையெல்லாம் இவர்கள்தான் வாங்கிக்கொண்டார்கள். மழைக்கு முன்னால் எல்லாப் பள்ளத்தையும் மூடியாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அன்றைக்குக் கடைசி நாள்.

அன்றைக்கென்று பார்த்துத் தண்ணீர் லாரி வரவில்லை. தாமோதரன் போனில் கத்திக்கொண்டே இருந்தான். கான்கிரீட் கலவை லாரியோ சொன்ன நேரத்துக்கு வந்து, தெருமுனையில் வயிறு சுற்றச் சுற்ற நின்றுவிட்டது. கலவை காத்திருக்காது, இறுகிவிடும். ராஜாத்தி குடத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் கேட்டாள். ஒருத்தி கதவைச் சாத்தினாள். ஒருத்தி, ரெண்டு மாசமா நாங்க குடிச்ச சாக்கடைத் தண்ணி வேணுமா என்று கேட்டாள். கேட்டதில் தப்பில்லை.

கடைசி வீடு மரியத்தினுடையது. காலையில் வாசலில் ஆப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் விற்கிறவள். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றித் திரும்புகிற வேன்காரர்கள், துறைமுகத்து ஆட்கள் எல்லோருக்கும் அவள் வீட்டுப் பாயா என்றால் உயிர். முந்தின நாள் வந்த குடிதண்ணீர் லாரியில் வரிசையில் நின்று பிடித்து நீல டிரம்மில் நிரப்பி வைத்திருந்தாள். மறுநாள் சமையலுக்கான தண்ணீர் அது.

"எடுத்துக்க. எங்க வாசலுக்குத்தான ஊத்தப் போற" என்றாள் மரியம்.

டிரம்மில் இருந்தது பன்னிரண்டு குடம். ராஜாத்தி அதைக் குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு, வழக்கம்போல் தெருமுனையிலிருந்து ஆரம்பித்தாள். எப்போதும் தண்ணீர் லாரி நிற்கிற இடம் தெருமுனைதான். அங்கிருந்து ஊற்றிக்கொண்டே வருவது இருபத்தாறு வருஷப் பழக்கம். அன்றைக்கு லாரி இல்லை, தண்ணீர் மறுமுனையில் இருந்து வருகிறது என்று அவள் புத்தி யோசித்தது, கால் யோசிக்கவில்லை. கதவைச் சாத்தினவள் வாசலுக்கு ஊற்றினாள், சாக்கடைத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டவள் வாசலுக்கு ஊற்றினாள். மரியம் வாசலுக்கு வந்தபோது குடம் காலி, டிரம்மும் காலி.

தாமோதரனிடம் போய்ச் சொன்னாள், கடைசி ரெண்டு ஆள் நீளத்துக்குத் தண்ணீர் இல்லை என்று. கலவை லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். மேலே ஒரு வாட்டி இடிக்கிற மெஷின் விட்டால் போதும், மண் தானாக அடங்கும் என்றான் தாமோதரன். ஆட்கள் காய்ந்த மண்ணை ஒரே தள்ளாகத் தள்ளினார்கள். மெஷின் மேலே ஒருமுறை குதித்து ஓடியது. அதன்மேல் கான்கிரீட் விழுந்து, தாமோதரன் கட்டையால் இழுத்து வழவழவென்று சமப்படுத்தினான். மரியத்திடம் ராஜாத்தி வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் விடாத பள்ளம் என்று தண்ணீர் விடுகிறவளே சொன்னால் அப்புறம் அவள் எதற்கு?

மறுநாள் கூட்டம் எண்ணூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டது. ராஜாத்தியின் உடம்பு எண்ணூருக்குப் போனது, மனசு உப்புக்கிடங்குத் தெருவில் நின்றுகொண்டது. மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல், விடிந்தும் விடியாமலும் கிளம்பி, சுற்று வழியில் ராயபுரம் போய் இறங்கினாள்.

அந்தத் தெருவில் பிறந்தவர்கள் யாரும் சமதரை என்று ஒன்றைப் பார்த்ததில்லை. இப்போது வாசலோரம் புத்தம்புதிதாக ஒரு கான்கிரீட் பட்டை கிடைத்திருக்கிறது, விடுவார்களா? ஒரு வீட்டில் மிளகாய் காயப்போட்டிருந்தார்கள், ஒரு வீட்டில் பைக்கை ஏற்றி வைத்திருந்தார்கள். மரியமோ இத்தனை நாள் வாசலுக்குள் செங்கல் முட்டுக்கொடுத்து வைத்திருந்த இரும்பு கேஸ் அடுப்பை வெளியே கொண்டுவந்து, அந்தப் பட்டைமேல் போட்டிருந்தாள். மூன்று கால் அடுப்பு. அதன்மேல் முழ உயர அண்டா நிறைய பாயா தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் முக்காலி போட்டு மகள் ஷாஸியா ஆப்பம் எடுத்துக் கொடுத்தாள். காலேஜ் போகிற பெண். சுற்றிலும் தட்டை ஏந்திக்கொண்டு ஏழெட்டுப் பேர். எல்லோரும் நின்றது அந்த இரண்டு ஆள் நீளத்தில்தான்.

"பாத்தியா ராஜாத்தி, நீங்க போட்டது எம்மாம் சமமா கீது. இப்பதான் அண்டா ஆடாம நிக்குது" என்று மரியம் சந்தோஷமாகச் சொன்னாள். ஷாஸியா டீ கொண்டுவந்து கொடுத்தாள். ராஜாத்தி அண்டாவையே பார்த்துக்கொண்டு குடித்தாள்.

சொல்லியிருக்கலாம். அப்போதே சொல்லியிருக்க வேண்டும், அதுதான் மனுஷத்தனம். ஆனால் வாய் வரைக்கும் வந்த பேச்சு வேறு உருவத்தில் வெளியே போனது. அண்டாவை உள்ளே வைத்துக்கொள்ளக் கூடாதா, வண்டி கிண்டி இடித்துவிடப் போகிறது என்றாள். மரியம் சிரித்தாள். இந்தச் சந்தில் எந்த வண்டி வந்து இடிக்கும் என்று கேட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் எண்ணூரில் தாமோதரனைத் தனியாகப் பிடித்துச் சொன்னாள், மரியம் வாசலைத் திறந்து மூடிவிடலாம் என்று. ஒரு வருஷம் நம்ம பொறுப்புதான், அதுவாக இறங்கினால் போய் மூடிவிடலாம், இறங்காத பள்ளத்தைத் திறந்தால் இன்ஜினியர் மொத்தத் தெருவையும் திறக்கச் சொல்வான், பதினாலு பேர் வேலை போகும் என்றான் அவன். கெட்டவன் இல்லை தாமோதரன். அவன் கணக்கில் அது நியாயம். அந்த அடுப்பு அவன் கண்ணில் பட்டதில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் போனாள், ஆறாம் நாள் போனாள். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? அவள் மடியில் ஓர் ஆளுயரப் பள்ளமே இருந்தது. போகும்போதெல்லாம் குதிகாலால் இடித்துப் பார்ப்பாள். கான்கிரீட் இறுகின சத்தம்தான் கேட்டது, கீழே என்ன என்று அது சொல்லவில்லை. அண்டாவை ஒரு கையகலம் இந்தப் பக்கம் தள்ளேன், ஷாஸியாவைப் படிமேல் உட்காரச் சொல்லேன் என்று எதையாவது சொல்லிவைப்பாள். வீட்டில் சோறு வடிக்கும்போது கஞ்சி கையில் கொட்டிக்கொண்டாள். வேலப்பன் என்னவென்று கேட்டான். ஒன்றுமில்லை என்று எரிந்து விழுந்தாள்.

எட்டாம் நாள் மரியத்தின் முகம் மாறியிருந்தது. ராஜாத்தி அண்டாவைப் பற்றி ஆரம்பிக்குமுன்னே அவளைக் கதவோரம் கூப்பிட்டு, வாழையிலையில் கட்டிய ஆப்பமும் ஒரு தூக்கு நிறையப் பாயாவும் கையில் திணித்தாள்.

"தெனிக்கும் ஒண்ணு எடுத்துனு போ. ஒங்க மேஸ்திரிக்கும் குடு. ரோட்டு மேல அடுப்பு வெச்சிகீறேன்னு எழுதிக் குடுத்துறாதம்மா. இத நம்பித்தான் இவ படிப்பு ஓடுது" என்றாள், குரலைத் தாழ்த்தி.

ராஜாத்திக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது. தெருவில் வேலை செய்கிற ஆட்கள் திரும்பத் திரும்ப வந்து இதை நகர்த்து அதை நகர்த்து என்றால், எதையோ எதிர்பார்க்கிறார்கள் என்றுதான் அர்த்தம். கடை வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாஷை அது. மரியம் வேறு எப்படி நினைப்பாள்? வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் ஏன் வந்தேன் என்று சொல்ல வேண்டும். சொல்லத் தைரியமில்லாமல் தூக்கை வாங்கிக்கொண்டாள். எண்ணூர் வரைக்கும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனாள். அவளால் ஒரு வாய் தின்ன முடியவில்லை. தாமோதரன்தான் விரல் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டான், யார் வீட்டுப் பாயா என்று கேட்டுக்கொண்டே.

அன்றைக்கு இரவெல்லாம் பருவத்தின் முதல் மழை பெய்தது.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து ராயபுரத்தில் இறங்கி, பாதி நடையும் பாதி ஓட்டமுமாக உப்புக்கிடங்குத் தெருவுக்குள் நுழைந்தாள். மழை விட்டிருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வழக்கம்போல் ஏழெட்டுப் பேர் தட்டோடு நின்றார்கள். ஷாஸியா முக்காலியில் இருந்தாள். தெருவில் ஓடிவந்த மழைத் தண்ணீர் மரியம் வாசலுக்கு நேராக வந்ததும் சத்தமில்லாமல் திரும்பி, கான்கிரீட் பட்டையின் ஓரத்தில் இருந்த மயிரிழைப் பிளவுக்குள் போய்க்கொண்டிருந்தது. ராஜாத்தி நின்று பார்த்தாள். போகிற தண்ணீர் எந்தப் பக்கமும் வெளியே வரவில்லை. காலமெல்லாம் மண்ணுக்குத் தண்ணீர் விட்டவளுக்கு அதற்கு மேல் ஒருத்தர் சொல்ல வேண்டியதில்லை. குதிகாலால் இடித்தாள். கும்மென்று கேட்டது.

"பாயம்மா, அடுப்ப அணை. எல்லாரும் நவுருங்க" என்றாள்.

மரியத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "நேத்துதான குடுத்தேன். இன்னும் இன்னாதான் வோணும் ஒங்களுக்கு? சொல்லித் தொலைச்சிடு" என்றாள், எல்லோர் எதிரிலும்.

"ஒண்ணும் வோணாம் பாயம்மா. நீ குடுத்தியே பன்னெண்டு கொடம், அது ஒன் வாசலுக்கு வந்து சேரல. அந்தக் கோடிலேர்ந்து ஊத்திகினே வந்தேன், கதவ சாத்துனவங்க வாசலுக்கெல்லாம் ஊத்திட்டேன். ஒன் வாசலுக்கு வரசொல்லோ தண்ணி இல்ல. காஞ்ச மண்ண தள்ளி மேல கான்கிரீட் போட்டு மூடிட்டோம். இப்ப நீ நிக்கிறதுக்கு கீழ மண்ணு இல்ல."

அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. மரியம் குனிந்து கேஸை மூடினாள். மகளை எழுந்து உள்ளே போகச் சொன்னாள், குரல் உயராமல். மரியத்தின் தம்பி ஒவைஸும் ஒரு வேன்காரனும் அண்டாவின் காதுகளில் மூங்கிலைக் கொடுத்து, பட்டைமேல் கால் படாமல் எட்டி நின்று, ஓர் ஆள் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிப் படிக்கு ஏற்றினார்கள். பாயா விளிம்பில் தளும்பி இரண்டு சொட்டு கான்கிரீட்டில் விழுந்தது. எல்லோரும் அந்த இரண்டு சொட்டிலிருந்து ஆவி எழுவதையே பார்த்தார்கள். அடுப்பையும் ஒவைஸ் எட்டி இழுத்துப் படியோரம் வைத்தான்.

"எப்பலேர்ந்து தெரியும் ஒனக்கு?" என்று கேட்டாள் மரியம்.

"மூடுன அன்னிலேர்ந்து."

"அன்னிலேர்ந்து தெரிஞ்சிகினு, வந்து வந்து எம்பொண்ணு கையால டீ வாங்கிக் குடிச்சிருக்க."

ராஜாத்தி ஒவைஸிடம் கடப்பாறை கேட்டு வாங்கி, ஓரத்தில் நின்று, பட்டையின் நடுவில் ஓங்கிக் குத்தினாள். முதல் குத்துக்குச் சில்லு தெறித்தது. மூன்றாவது குத்துக்குக் கடப்பாறை தடையே இல்லாமல் பிடித்த கை வரைக்கும் உள்ளே போய்விட்டது. ஒரு பாளம் உடைந்து கீழே விழுந்தது. கீழே தண்ணீரில் சளப்பென்று கேட்டது. எட்டிப் பார்த்தார்கள். இடுப்பளவு ஆழத்துக்குப் பொந்து. அடியில் சேற்றுத் தண்ணீர். அடுப்பின் மூன்று கால்களும் பதிந்த துருத்தடம் உடைந்த விளிம்பில் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் தட்டைப் படியில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார்.

தாமோதரனுக்கு ராஜாத்தியே போன் பண்ணினாள். முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் தெருவில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினான். அதுவாக இறங்கினால் ஒரு பேச்சு, கூலிக்காரியே உடைத்தால் ஒரு பேச்சு என்றான். யார் உன்னை உடைக்கச் சொன்னது என்றான். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம், இனி எந்தக் கூட்டத்திலும் உன்னைச் சேர்க்க மாட்டார்கள் என்றான்.

"சரி மேஸ்திரி. மண்ணும் தண்ணி லாரியும் அனுப்பு. ரெண்டும் வந்தாத்தான் மூட வுடுவேன்" என்றாள். அவன் போனை வைத்துவிட்டான்.

பள்ளத்தோரம் நின்றாள். கால் அவளை அறியாமல் இரண்டடி இந்தப் பக்கமும் இரண்டடி அந்தப் பக்கமும் போய்வந்தது. வேலை போயிற்று. வேலப்பனிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இனி இந்தத் தெருவில் நிற்கவும் தனக்கு உரிமையில்லை, போய்விடலாம் என்று கொண்டுவந்த குடையை எடுத்தாள்.

உள்ளேயிருந்து மரியம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தாள். பள்ளம் இருப்பது வண்டிக்காரர்களுக்குத் தெரிவதற்காக ஒரு நாற்காலியைப் போட்டு வைப்பது எந்தத் தெருவிலும் செய்கிற காரியம்தான். விளிம்பை ஒட்டி நாற்காலியை வைத்தாள். ராஜாத்தி அதற்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.

"எங்க போற? ஒக்காரு" என்றாள் மரியம். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "அவனுங்க வந்து ஒழுங்கா மூடுற வரிக்கும் நீதான் பாத்துக்கணும். எனுக்கு மண்ணப் பத்தி இன்னா தெரியும்?"

ராஜாத்தி உட்கார்ந்தாள். மண்ணும் தண்ணீர் லாரியும் வரச் சாயங்காலம் நாலு மணி ஆயிற்று. அதுவரைக்கும் அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.